மோதி பாக்கில் உடைந்த பாட்டில்

டெல்லி பஸ் மோதி பாக் திருப்பத்தில் வளைந்தபோது பால்காரரின் தகரக் கேன் சரிந்து வந்து இராஜமாணிக்கத்தின் துணிப்பையில் மோதியது. பைக்குள் 'களுக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

இராஜமாணிக்கம் கேனை அவசரமாகத் தள்ளிவிட்டான்.

குனிந்து பார்க்க இடமில்லை. விரல் நுனியால் பையின் அடியைத் தடவினான். ஈரம்.

"பாயி சாப், குச் டபக் ரஹா ஹை" ஏதோ சொட்டுகிறது என்றார் பக்கத்தில் நின்ற சர்தார்ஜி, தன் ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே.

"பானி, பானி!" வெறும் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் குதித்தான்.

பனி இன்னும் விலகவில்லை. ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பையைத் திறந்தான். சாப்பாட்டு டப்பா பத்திரமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றி நூலால் கட்டியிருந்த கண்ணாடி பாட்டில் மட்டும் இரண்டு துண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்தது ஒரு சொட்டு மிச்சமில்லை. காலை முதல் சிறுநீர் என்று அவன் மனைவி பவுனு கொடுத்து விட்டது அது. ஒன்பதரைக்குள் லோதி ரோடு பக்கத்திலிருந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில் அதைச் சேர்த்தாக வேண்டும்.

கல்யாணமாகி ஏழு வருஷம். பவுனுவுக்கு மாத விலக்கு சொன்ன தேதியில் வந்ததே கிடையாது. ஒரு சமயம் இரண்டு மாதம், ஒரு சமயம் நாலு மாதம். முதல் மூன்று வருஷம், தள்ளிப்போகும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் அவள் குளியலறையிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். அப்புறம் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ருக்மிணி மாமிதான் போன வருஷம் டாக்டர் சப்பர்வாலிடம் அழைத்துப் போனாள். மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா "பாலிசிஸ்டிக் ஓவரி" என்றாள். அங்கே நர்சாக இருந்த பாளையங்கோட்டை மார்கரெட்தான் அதைத் தமிழில் விளக்கினாள். "ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. முட்டை பழுத்து வெளிய வராம, சினைப்பையில சின்னச் சின்ன நீர்க்கட்டியா நின்னுடுது. நிறையப் பேருக்கு இருக்கு. மாத்திரையில சரி பண்ணிரலாம்."

அன்றையிலிருந்து பவுனு மாத்திரை விழுங்கினாள். வயிற்றைப் புரட்டியது, சகித்துக்கொண்டாள். தினமும் காலையில் கண் விழித்ததும் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்து, வந்த கணக்கைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்தாள். இனிப்பை நிறுத்தினாள். ஆர்.கே.புரம் மூன்றாம் செக்டரைக் காலையும் மாலையும் சுற்றி வந்தாள்.

இராஜமாணிக்கம் என்ன செய்தான்? கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தான். அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு டெஸ்ட். அதிலும் முதல் தடவையே பாஸ். "யூ ஆர் ஃபைன்" என்று சொன்னதோடு டாக்டரம்மா அவனை மறந்துவிட்டாள். மந்திரி ஆபீசில் யூ.டி.சி. குமாஸ்தாவாக இருந்து, தன்னால் நகராத ஃபைல்களையே பார்த்துப் பழகியவன்தான். ஆனாலும் சொந்த வீட்டில் ஒரு துரும்பைக் கூட நகர்த்த முடியாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இப்போது, கடைசியாக வந்து ஐம்பத்து நாலு நாள். வேறு பெண்ணுக்கு அது சேதி, பவுனுவுக்கு வழக்கம். டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும். இரண்டு தடவை அவளே கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு தடவையும் 'இல்லை' என்ற பதிலை ஒற்றை ஆளாக நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"இந்தத் தடவை நான் கொண்டு போறேன். குளிர்ல நீ பஸ் ஏற வேணாம்" என்றான் முந்தின நாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இது? போன வாரம் மண்ணெண்ணெய் டின்னையே வழியில வச்சுட்டு வந்தீங்க."

"அது வேற பவுனு. இதையாவது நான் செய்யறேனே. நான் எதைத்தான் செஞ்சேன் சொல்லு?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, எடுத்துட்டுப் போங்க" என்றாள். காலையில் தானே கைக்குட்டையில் சுற்றிக் கட்டிப் பையில் வைத்தாள்.

அதைத்தான் மோதி பாக்கில் பறிகொடுத்துவிட்டு நின்றான்.

வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா? இனி 'காலை முதல்' நாளைக்குத்தான். நாளை இரண்டாம் சனி. டாக்டரம்மா சண்டிகருக்குக் கல்யாணத்துக்குப் போகிறாள். மறுபடி திங்கட்கிழமைதான் எல்லாம். அதுவரை பவுனுவை எந்த முகத்தோடு பார்ப்பது? 'இதைக்கூட ஒழுங்காக் கொண்டு போகத் தெரியலையா' என்று அவள் கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பாள். அதுதான் தாங்காது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எதிர்ப்பக்கம் மருந்துக்கடையில் ஒரு இருமல் மருந்து வாங்கி, பாதியைக் குடித்து, மீதியைக் கொட்டி, குழாயடியில் பாட்டிலை அலசினான். பஸ் ஸ்டாண்டு மூத்திரப்புரைக்குள் போய், அதே பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தான். 'எப்படியும் இல்லைன்னுதான் வரப்போகுது. திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு தடவை கொடுக்கச் சொல்லலாம். இப்போதைக்கு யாருக்கும் நஷ்டமில்லை.'

கிளினிக்கை அடைந்தபோது ஒன்பது இருபது. மார்கரெட் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பஸ்சுல கஷ்டப்பட்டுக் கொண்டாந்தீங்களா சார்?"

"ஆமா. நெரிசல்."

"நல்லது சார். வச்சிட்டுப் போங்க. நாலு மணிக்குப் போன் பண்ணுங்க" என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாள்.

நாலு மணிக்கு செக்‌ஷன் ஆபீசர் மேஜையிலிருந்த போனை எடுத்து நம்பரைச் சுற்றினான். உள்ளே ஒரு சலனமும் இல்லை. பதில்தான் தெரிந்ததாயிற்றே.

"சார், பாசிட்டிவ்!" என்றாள் மார்கரெட்.

"என்னது?"

"பாசிட்டிவ் சார்! கங்கிராஜுலேஷன்ஸ்! வீட்ல நீங்க சொல்லுதீங்களா, இல்ல..."

"பாசிட்டிவா?" என்று கத்தியவன், போனை வைத்துவிட்டான்.

மெதுவாகக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். ஸ்வெட்டருக்கு அடியில் அது எப்போதும் போலத்தான் இருந்தது.

பாட்டிலில் இருந்த ஒவ்வொரு சொட்டும் அவனுடையது. பிறகு எப்படிப் பாசிட்டிவ்?

"என்னய்யா பாசிட்டிவ்?" அடுத்த மேஜை கஸ்தூரிரங்கன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

இராஜமாணிக்கத்துக்கு வாயில் வந்தது, "ப்ளட் க்ரூப். என் ப்ளட் க்ரூப். ஓ பாசிட்டிவ்."

கஸ்தூரிரங்கன் எழுந்தே விட்டார். "அடடா! என் மச்சினருக்கு நாளைக்கு ஆபரேஷன் ஓய். ரத்தம் கொடுக்க ரெண்டு பேர் வேணும்னு சொல்லிருக்கா. ஒருத்தரைப் பிடிச்சுட்டேன். இன்னொருத்தர் கிடைக்காம காலையிலேருந்து அலையறேன். தெய்வமாப் பாத்து உம்மை அனுப்பியிருக்கு. கிளம்பும், ஜல்தி!"

"இல்ல சார், எனக்கு வீட்ல..."

"அரை மணி ஓய். ஒரு உசிரு!"

ரத்த வங்கியில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "பி பாசிட்டிவ்" என்றார்கள். இராஜமாணிக்கம் நம்பிக்கையோடு எழுந்தான். "எந்த க்ரூப்பானா என்ன? ரத்த வங்கிக்காரா கொடுக்கற ரத்தத்துக்கு நாம திருப்பித் தரணும், அவ்வளவுதான்" என்று கஸ்தூரிரங்கன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

ஊசி ஏறியது. தலைமாட்டில் நின்ற இளவயது டாக்டரிடம் இராஜமாணிக்கம் ரகசியமாக ஹிந்தியில் கேட்டான்: "டாக்டர் சாப், கர்ப்பமான்னு பாக்கற டெஸ்ட், ஆம்பிளைக்குப் பாசிட்டிவா வருமா?"

டாக்டர் யோசித்தார். "ரொம்ப அபூர்வம். சில வகைக் கட்டி இருந்தா வரும். யாருக்கு?"

"ஒரு... நண்பருக்கு."

"நண்பரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. தள்ளிப்போடக் கூடாது."

ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு தன் உயிரும் இறங்குவதாக இராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது. முப்பத்தாறு வயசு. கட்டி. பவுனுவுக்குக் குழந்தையும் இல்லை, இனி புருஷனும் இல்லை.

வீட்டுப் படியேறும்போது முடிவு செய்துகொண்டான்: உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாட்டில் உடைந்தது, கட்டி, எல்லாம்.

கதவு திறந்திருந்தது. ஏலக்காய் வாசனை. ருக்மிணி மாமி கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றாள்.

"வாங்கோ வாங்கோ! மார்கரெட் எங்காத்துக்குப் போன் பண்ணிட்டா. மாமா டெலிபோன்ஸ்ல இருக்கறது இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு காரியத்துக்கு ஆச்சு. இது என்ன கையிலே ப்ளாஸ்திரி?"

"ரத்தம் கொடுத்தேன்."

"பாத்தியாடி பவுனு! சந்தோஷம் தாங்காம ரத்த தானம் பண்ணிட்டு வந்திருக்கார்!"

பவுனு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அசைந்தால் எதுவோ கொட்டிவிடும் என்பது போல இருந்தாள். மாமி போனதும் தலையைத் தூக்கினாள்.

"நீங்க சொல்லுங்க. அவங்க எல்லாம் சொல்லிட்டாங்க. உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க."

ஏழு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கண்டதில்லை.

"பாசிட்டிவ்" என்றான்.

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவனும் அழுதான். அவன் எதற்காக அழுகிறான் என்பது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் சுற்றி வளைத்து ஆரம்பித்தான். "பவுனு, இந்த லேப்ல எல்லாம் சமயத்துல தப்பு நடக்கும். எதுக்கும் இன்னொரு தடவை கொடுத்துப் பாத்துட்டு..."

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"அப்படி இல்ல..."

"எனக்கு இருக்காதுன்னு நீங்களும் முடிவு கட்டிட்டீங்களா?"

தோசை கருகியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் வரை சாப்பிடவில்லை. சப்பர்வால் மாத்திரையை விழுங்கி வாந்தியெடுத்த நாட்களில் கூட அவள் சாப்பிடாமல் இருந்ததில்லை.

இராஜமாணிக்கம் பயந்து போனான். "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். சத்தியமா நம்பறேன். எந்திரிச்சு சாப்பிடு. வெறும் வயித்தோட இருக்கக் கூடாது நீ."

அந்த 'நீ' போதுமானதாக இருந்தது. எழுந்து சாப்பிட்டாள். அவன் கழுத்தைச் சுற்றிய சுருக்கு இன்னும் ஒரு சுற்று இறுகியது.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியிலிருந்து எல்.ஐ.சி. பாலிசியை எடுத்து, "இது இங்கதான் இருக்கும். எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்க" என்றான்.

"இப்பவே குழந்தைக்காக எல்லாம் யோசிக்கிறீங்களா?" என்று அவள் உருகிப் போனாள்.

அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உடம்பில் எங்காவது கட்டி தட்டுப்படுகிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். இடுப்பில் ஒரு கொசுக்கடி இருந்தது. அதையே பத்து நிமிஷம் அழுத்தினான். அழுத்த அழுத்தப் பெரிதானது.

ஞாயிற்றுக்கிழமை பவுனு ருக்மிணி மாமியையும் கூட்டிக்கொண்டு மலை மந்திருக்குக் கிளம்பினாள். முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். படிக்கட்டின் அடியில் அவன் நின்றுவிட்டான். சொல்லிவிட இதுதான் இடம்; கோயில் வாசலில் பொய் நிலைக்கக் கூடாது.

"பவுனு, ஏறாதே. நில்லு."

அவள் திரும்பினாள். அவளோடு சேர்ந்து படியில் நின்ற ஆர்.கே.புரத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"ஏங்க?"

"உங்கிட்ட ஒரு விஷயம்..."

"ஏறக் கூடாதுங்கறார் பாருங்கோ!" என்று ருக்மிணி மாமி கூட்டத்துக்கு மொழிபெயர்த்தாள். "இந்த நேரத்துல படியேறப்படாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மாத்துப் பிராமணருக்கு மூணு பெத்தப்புறமும் தெரியலை!"

அங்கேயே நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அர்ச்சகர் இரண்டு மாலையோடு கீழே இறங்கி வந்தார். ஒரு மாலை அவன் கழுத்திலும் விழுந்தது.

வீடு திரும்பியபோது மாமியின் வீட்டிலிருந்து இன்னொரு சேதி காத்திருந்தது. மாமா துறையூருக்கு டிரங்க் கால் போட்டுப் பவுனுவின் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். பவுனுவின் அம்மா திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்து மெட்ராஸ், மெட்ராசிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ். புதன்கிழமை புதுடெல்லி ஸ்டேஷனுக்கு யாராவது போக வேண்டும்.

இராஜமாணிக்கம் நாற்காலியில் சாய்ந்தான். இனி பவுனுவிடம் சொல்ல அவனால் முடியாது. ஆனால் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவளை டாக்டரம்மா பார்க்கப் போகிறாள். ஒரு பொய்யான ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை நிறுத்துவாள். ஒரு வருஷம் விழுங்கியதெல்லாம் வீணாகும். அது மட்டுமா? மாதங்கள் போய் வயிறு எழும்பாதபோது பவுனு என்ன ஆவாள்? நல்லவேளையாக அதைப் பார்க்க அவன் உயிரோடு இருக்கப் போவதில்லை என்பதுதான் இதில் ஒரே ஆறுதல்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, "நீ பதினோரு மணிக்கு மாமியோட வந்துடு. எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று கிளம்பினான். கிளினிக் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றான்.

மார்கரெட் வெள்ளைத் தொப்பியைக் குத்திக்கொண்டே வந்தாள். "என்ன சார், சீக்கிரமே வந்துட்டீங்க? ஸ்வீட்டா?"

"சிஸ்டர், உள்ள வாங்க. தனியாப் பேசணும்."

மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பஸ்சில் ஆரம்பித்தான். பால் கேன், வேப்பமரம், இருமல் மருந்து, மூத்திரப்புரை. மார்கரெட்டின் கண்கள் விரிந்துகொண்டே போயின. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது.

"பாசிட்டிவ்னு வந்தது என்னோடது சிஸ்டர். எனக்குக் கட்டி இருக்கு. ரத்த வங்கி டாக்டரே சொல்லிட்டாரு. நான் போறதைப் பத்திக் கவலையில்லை. டாக்டரம்மா இன்னிக்கு மாத்திரையை நிறுத்திடக் கூடாது. அவளை மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. பக்குவமா, அவ மனசு ஒடிஞ்சு போகாம, நீங்கதான் எடுத்துச் சொல்லணும். என்னால முடியல. மூணு நாளா முயற்சி பண்ணிட்டேன்."

அவன் காலருக்குள் கைக்குட்டையை வைத்துத் துடைத்துக்கொண்டான். வெளியே யாரோ மணியடித்தார்கள். மார்கரெட் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று எழுந்து போய்க் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"சிஸ்டர்?"

"ஐயையோ சார்! அப்ப அன்னிக்கு நான் சிங்க்ல ஊத்தினது டீத்தண்ணி இல்லையா? உங்க வீட்டம்மா உங்களுக்கு அரை மணி முன்னாலேயே ஸ்கூட்டர் ரிக்‌ஷாவுல வந்து அவங்களோடதைக் கையில கொடுத்துட்டு, 'பின்னாலயே அவரும் ஒரு பாட்டில் கொண்டாருவாரு, அதுல வெறும் டீத்தண்ணிதான் இருக்கு, ஆசையாக் கேட்டாருன்னு கொடுத்து விட்டிருக்கேன், வாங்கி வச்சுக்கிடுங்க'ன்னுல்லா சொல்லிட்டுப் போனாங்க!"